எழுத்து இல்லாத வட்டு

விளக்கு எரிகிறது.
அதுதான் எரிச்சல்.
மிளகளவு நீல வெளிச்சம்,
உள்ளங்கையில் வைத்தால் மெல்லிய நடுக்கம்,
காதோரம் கொண்டுபோனால் உள்ளே தட்டு சுற்றும் ஓசை.
கணினி மட்டும்
அப்படி யாரும் வரவில்லையே என்கிறது.

முனிர்க்கா, மூன்றாவது மாடி, ஜனவரி.
கை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவர்.
வீட்டுக்காரர் கஜே சிங் எழுதிக்கொடுத்த கணக்கில்
மூன்றும் நான்கும் காலி மாடிகள்.
காலி மாடியில் உட்கார்ந்து
விரல் விறைக்கச் செருகுகிறேன்,
பிடுங்குகிறேன், திருப்பிச் செருகுகிறேன்.
யுஎஸ்பி முனை முதல் தடவையிலேயே நுழைந்ததாகச்
சரித்திரம் கிடையாது.

உள்ளே இருப்பவை நாலு மழைக்காலத்து வௌவால்கள்.
துக்ளகாபாத் கோட்டையின் இடிந்த அறைகளில்
கொசுக்கடியோடு பதிவு செய்த கத்தல்கள்.
மனிதக் காதுக்கு எட்டாத சுருதி.
பத்து மடங்கு மெதுவாக்கினால்
தகரத்தில் தண்ணீர் சொட்டுவதுபோல் விழும்.
வேறெங்காவது நகல் உண்டா என்று கேட்காதீர்கள்.
எல்லோரும் கேட்டாயிற்று.

மத்தியானம் நேரு பிளேஸுக்குப் போன் போட்டேன்.
திறந்து பார்க்கவே பதினெட்டாயிரம்,
பிழைக்குமென்று வாக்குத் தர முடியாது என்றார் ஹர்விந்தர்.
கீழே போட்டீர்களா?
இல்லை என்றேன்.
போட்டேன். மெத்தைமேல்தான்.

ராத்திரி பத்துக்கு மேல்மாடி ரின்புயி வந்தாள்.
ஐஸ்வால்காரி. குருகிராமில்
அமெரிக்காக்காரர்களின் பிரிண்டர்களுக்கு
விடிய விடிய ஆறுதல் சொல்கிற வேலை.
அன்று அவளுக்கு விடுப்பு, அந்தக் குரலுக்கு இல்லை.
"மேடம், விளக்கு எரிகிறதா மேடம்?"
"மேடம், வேறு கேபிள் வைத்திருக்கிறீர்களா?"
போடி என்றேன்.
தமிழில் அவளுக்குத் தெரிந்த ஒரே சொல்.

தன் கேபிளையே கொண்டுவந்தாள், குட்டை, தடிமன்.
மாற்றினோம். ம்ஹூம்.
முன்பக்கத் துளையில் மின்சாரம் போதாதாம்.
மேசைக்கடியில் தவழ்ந்து
கணினியின் முதுகில் செருகினோம்.
அங்கே தூசி, ஒரு ஹேர்பின்,
போன வருஷம் வீடெல்லாம் தேடிய பென்டிரைவ்.
அதில் ஒன்றுமே இல்லை.
அதை மட்டும் கணினி உடனே கண்டுகொண்டது,
கடன் கேட்காத சொந்தக்காரனை வரவேற்பதுபோல்.

பிறகு நான் பார்த்தேயிராத ஒரு சன்னலை
ரின்புயி திறந்தாள்.
வட்டுகளின் ஜாபிதா.
மூன்றாம் வரிசையில், நீலப் பட்டை கட்டி,
ஓர் ஓரமாய் உட்கார்ந்திருந்தது என்னுடையது.
நலம் என்றே போட்டிருந்தது.
கொள்ளளவு சரி.
சி இருக்கிறது, டி இருக்கிறது,
ஈ-யில் அந்த வெறும் பென்டிரைவ்
காலாட்டிக்கொண்டிருக்கிறது.
இதற்கு மட்டும் எழுத்தே இல்லை.

உயிரும் உண்டு, மெய்யும் உண்டு,
எழுத்து இல்லை.
ஒன்றாம் வகுப்பில் இப்படி ஒரு வகை
யாரும் சொல்லித் தரவில்லை.

எந்த எழுத்து வேண்டும் என்றாள்.
வரிசையாய் நீண்டது பட்டியல்,
பிள்ளைக்குப் பெயர் தேடுவதுபோல் மலைத்தேன்.
வி என்றேன், வௌவாலுக்கு.
அழுத்தினாள்.
இரண்டு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை.
அப்புறம் கோப்புறைகள்
தலைகீழாய்த் தொங்காமல்
நேராகவே வந்து நின்றன.

ஒன்றைப் போட்டுக் கேட்டோம்.
டொப். டொப். டொப்டொப்.
"குழாயை மூடவில்லையா?" என்றாள்.

இப்போது எல்லாவற்றையும் டி-க்கு நகலெடுக்கிறோம்.
இன்னும் ஆறு மணி நேரம் என்றது.
பிறகு நாற்பது நிமிடம்.
பிறகு பதினொரு மணி நேரம்.
கேபிளில் கால் படாதபடி
ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு
காலி மாடியில் விழித்திருக்கிறோம் இருவரும்.
"வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேடம்?"
போடி.